பதினைந்து மாத டிவிக்கு நான் சொன்ன சாட்சி

ஒரு டிவி எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் பகிரங்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். கள்ளக்குறிச்சியில், ஒரு கடையின் நடுவில், நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். சுற்றிலும் இருபது பேராவது நின்றிருப்பார்கள். "பத்து வருஷம்" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பதினைந்தே மாதத்தில் செத்துப்போய் எதிரே மேஜைமேல் கிடந்த அந்த டிவியைக் கொன்றவன் நான்தான் என்பது அந்த இருபது பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். (முடித்திருந்தேன் என்றால், கல்லூரிக்குப் போவதை முடித்திருந்தேன். அரியர் ரெண்டு பாக்கி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை.) எலவனாசூர்கோட்டையில் அப்பாவின் கண்ணில் படாமல் இருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. கரியாலூரில் கலா அக்கா வீடு இருந்தது. மலை, குளிர், மூன்று வேளை சாப்பாடு, அப்பா கிடையாது. ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவன் ஐந்தாவது வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கணவர் வேலாயுதம் மாமா, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தினார். முன்பக்கம் மெஸ், பின்பக்கம் வீடு. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், சுத்தமான வழுக்கை. அருவி பார்க்க வருகிற கூட்டமெல்லாம் சனி ஞாயிறோடு சரி. மற்ற நாட்களில் மெஸ்ஸுக்கு ஆளைச் சேர்த்தது சுவரில் மாட்டியிருந்த முப்பத்திரண்டு இன்ச் டிவிதான். காட்டு வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள், எதிரே ஒரு டீக்கடை இருந்தும், டிவிக்காகவே இங்கே வந்து உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுவார்கள். மாமா அந்த டிவிக்குத் தினமும் கற்பூரம் காட்டாத குறை.

டிவிக்கு அடுத்தபடியாக அவர் பெருமைப்பட்ட பொருள் நான். "என் மச்சான். டிவி, செல்போன் எல்லாம் செய்யற படிப்பு" என்று சாம்பார் ஊற்றும்போதே எல்லோருக்கும் சொல்வார். நானும் மறுத்ததில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம். மாமா காய்கறி வாங்க வெள்ளிமலை போயிருந்தார். அக்கா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மெஸ்ஸில் யாரும் இல்லை. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது, பார்க்க முயன்றுகொண்டிருந்தேன். பதினைந்து மாத பஜ்ஜிப் புகை படிந்து திரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. செய்தி வாசிக்கிற அம்மா பனிமூட்டத்துக்குள் நின்று வாசிப்பது போலிருந்தது.

ஐந்து வாரம் உட்கார்ந்து சாப்பிட்ட சோற்றுக்கு ஒரு நன்றி காட்டலாம் என்று தோன்றியது. (என் வாழ்க்கையில் எல்லாக் கெடுதலும் இப்படி ஒரு நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியிருக்கிறது.) இஸ்திரி போடும்போது துணிமேல் தண்ணீர் தெளிக்க அக்கா ஒரு ஸ்பிரே பாட்டில் வைத்திருந்தாள். அதில் மல்லிப்பூ வாசனை ஷாம்பு ஒரு பாக்கெட்டைப் பிழிந்து ஊற்றிக் குலுக்கினேன். டிவியை அணைத்துவிட்டா அடித்தேன்? இல்லை. அழுக்கு போகிறதா என்று தெரிய வேண்டுமே என்பதற்காக, ஓடுகிற டிவிமேலேயே அடித்தேன். செய்தி வாசிக்கிற அம்மாவின் நெற்றியில் தொடங்கி, வாய்க்கு வந்து, இரண்டு ஓரமும் தாராளமாக அடித்தேன்.

தண்ணீர் நுரையோடு கோடு கோடாக இறங்கிக் கீழ்ச் சட்டத்துக்குள் போய் மறைந்தது. எங்கே போகிறது என்று ஒரு கணம் யோசித்தேன். நான்கு வருஷப் படிப்பில் அந்த ஒரு கணம்தான் எனக்கு உபயோகப்பட்டிருக்க வேண்டியது. யோசனையை விட்டுவிட்டுத் துணியை எடுத்துத் துடைத்தேன்.

திரை பளிச்சென்று ஆனது. ஐந்து நிமிஷம் கழித்து அதன் வலது பாதியில் பச்சை நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. பிறகு பத்து. பிறகு செய்தி வாசிக்கிற அம்மாவுக்குப் பாதி முகம்தான் இருந்தது. மீதிப் பாதியில் யாரோ கோலம் போட்டது போலிருந்தது. அணைத்தேன். மின்விசிறியைத் திருப்பி வைத்துக் காய விட்டேன். மறுபடி போட்டேன். இப்போது வலது பாதி முழுக்கக் கறுப்பு. அணைத்துவிட்டு, ஸ்பிரே பாட்டிலைக் கழுவி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டேன். தூங்கவில்லை. மாமாவின் பஸ் வருகிற சத்தத்துக்குக் காதை வைத்திருந்தேன்.

நாலு மணிக்குப் பஜ்ஜிக் கூட்டம் வந்தது. மாமா ரிமோட்டை அமுக்கினார். பாதி டிவி வந்தது.

மெஸ்ஸில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும். மாமா ரிமோட்டைத் தட்டினார், டிவியைத் தட்டினார், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"இன்னா மச்சான் இது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"இது மேனுஃபாக்சரிங் டிஃபெக்ட் மாமா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! மாமாவின் முகம் சிவந்தது. என்மேல் இல்லை, கடைக்காரன்மேல்.

"ஒரு டிவின்னா எத்தினி வருஷம் வரணும்?"

"பத்து வருஷமாவது வரணும் மாமா."

"பத்து! இது பதினஞ்சு மாசம்! கேட்டுக்கினீங்களா? இன்ஜினியரு சொல்றாரு!" என்று பஜ்ஜிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் எனக்காகத் தலையாட்டியது. "நாளைக்குக் காலைல முதல் பஸ்சு. நீயும் வர்ற. கடைல நீ பேசற. புது டிவியோடதான் மலை ஏறுவோம்."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். வயிற்று வலி என்றேன். அக்கா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வாரண்டி முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டதே என்றேன். "அதுக்குத்தான் நீ வர்ற" என்றார் மாமா. கடைசியாக, "நானே கழற்றிச் சரி பண்ணிடறேன் மாமா" என்றேன்.

"வேணாம் மச்சான். நம்ம கை பட்டா, நீங்கதான் கெடுத்தீங்கன்னு சாக்கு சொல்லிடுவான்."

மறுநாள் காலை அட்டைப் பெட்டிக்குள் டிவியை வைத்துக் கயிறு கட்டிப் பஸ்ஸில் ஏற்றினோம். மூன்று பேர் சீட்டில் மாமா ஓர் ஓரம், நான் ஓர் ஓரம், நடுவில் டிவி. வெள்ளிமலை தாண்டி இறக்கம் தொடங்கியதும், அடுத்த வளைவில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வளைவு வந்தது. மாமா, "குளிருதா மச்சான்?" என்று தன் துண்டை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டார். சரி, அடுத்த வளைவில். அதற்குள் முன்சீட்டுக்காரரிடம் என்னை அறிமுகப்படுத்திவிட்டார். அவர் திரும்பி, "எங்க வூட்டு டிவில சவுண்டு வருது, படம் வரலீங்க. இன்னாவா இருக்கும்?" என்று கேட்டார். நான் கொஞ்ச நேரம் யோசிப்பது போல் இருந்துவிட்டு, "பேக்லைட்டு" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கோமுகி அணை கண்ணில் பட்டபோது வளைவுகள் தீர்ந்துவிட்டன. கச்சிராயபாளையத்தில் மாமா எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பன்னைப் போல விழுங்கக் கஷ்டமான ஒரு பொருளை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

கள்ளக்குறிச்சிக் கடையில் சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே புலி ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்ட அமைதியான மனிதர். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். அவரோ, "வாங்க, உக்காருங்க, தண்ணி சாப்பிடுங்க" என்றார்.

மாமா உட்காரவில்லை. "பதினஞ்சு மாசம்! பாதி டிவி போயிடுச்சி! இன்னா பொருள் விக்கறீங்க நீங்க?"

"வாரண்டி ஒரு வருஷங்க. அதுக்குமேல ஓடறது அவங்கவங்க ராசி."

"ராசி பாத்து வாங்கறதுக்கு இது இன்னா மாடா?"

மிக்ஸி வாங்க வந்த ஓர் அம்மா கையில் மிக்ஸியோடு எங்கள் பக்கம் வந்தார். "கவர்மெண்ட்டுல சும்மா குடுத்த டிவி, எங்க வூட்ல இன்னும் ஓடிக்கினு இருக்குது. காசு குடுத்து வாங்கினது ஓடலியா?" என்றார். மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், தங்கள் வீட்டில் அஞ்சு வருஷத்தில் மூணு டிவி மாற்றியதாகச் சொன்னார். எப்படிப் போனது என்று அந்த அம்மா விசாரித்தார். இரண்டைப் பிள்ளைகள் பந்தடித்து உடைத்தார்களாம். "அதெல்லாம் கணக்குல சேராது" என்று அம்மா தள்ளுபடி செய்தார். ஏழு வருஷம் போதும் என்றது ஒரு குரல். ஒரு பொண்ணைக் கட்டிக்குடுத்து, அது பெத்த புள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் வரணும் என்றது இன்னொரு குரல். கூட்டம் கூடிவிட்டது.

"நீங்களும் நானும் சொல்றது வேணாம்" என்றார் மாமா. "படிச்சவரு சொல்லட்டும். மச்சான், நீ சொல்லு."

யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். பத்து வருஷம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பேனல், டிரைவர் போர்டு, கெப்பாசிட்டர் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் இறக்கினேன். (தெரிந்ததே அவ்வளவுதான். அந்தப் பேப்பரிலும் அரியர்.) பேசப் பேசக் கூட்டம் நெருங்கி வந்தது. மிக்ஸி அம்மா, "எப்டி பேசுது பாரு புள்ள" என்றார். கேவலம் என்னவென்றால், ஒரு இரண்டு நிமிஷம் எனக்கே மறந்துவிட்டது. நிஜமாகவே கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் வந்தது. "ஏழைங்க உழைச்சு வாங்கற பொருள் சார் இது!" என்று மேஜையைத் தட்டினேன்.

கடைக்காரர் முழுவதையும் கேட்டார். பிறகு, "தம்பி சொல்றது நியாயம்" என்றார்.

நான் எதிர்பார்க்காத ஒரே பதில் அதுதான்.

"வாரண்டி முடிஞ்சாலும் பரவால்லீங்க. எங்க மெக்கானிக் அக்கா தொறந்து பாக்கட்டும். தானா போயிருந்தா, நான் கம்பெனில சண்டை போட்டாவது புதுசு வாங்கிக் குடுக்கறேன். போதுங்களா?"

கூட்டம் மகிழ்ந்தது. மாமா என் தோளில் ஓங்கித் தட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"தொறக்க வேணாமே!"

"ஏன் தம்பி?"

"தொறந்தா... உள்ள தூசி போயிடும்."

"அவங்க இருபது வருஷமா தொறந்துக்கினு இருக்காங்க தம்பி. நீங்க உக்காருங்க."

உள்ளேயிருந்து தெய்வானை அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். டிவியைக் குப்புறப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு மூடிக்குள் போட்டார். ஒவ்வொன்றும் விழும்போது டிங் என்றது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது டிங்கில் பின்மூடி வந்தது. கீழ்ச் சட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.



"ஷாம்பு" என்றார். மறுபடி மோந்தார். "மல்லிப்பூ."

கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. அத்தனை பேர் பார்வையும் மாமாவின் பளபளக்கும் வழுக்கையில் போய் நின்று, இவராக இருக்க முடியாது என்று முடிவு செய்து, மெல்ல இறங்கியது.

"வூட்ல யாராவது தொடச்சீங்களா?" என்று தெய்வானை அக்கா கேட்டார்.

"எங்க வூட்ல டிவிய தொடைக்கற பழக்கமே இல்லீங்க" என்றார் மாமா. சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றார். பிறகு செல்போனை எடுத்தார். மாமா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"கலா! டிவி மேல ஷாம்பு அடிச்சியா?"

"இன்னா ஒளர்றீங்க?"

"தொறந்து பாத்துட்டாங்க! உள்ள ஷாம்புத் தண்ணி! இங்க இத்தினி பேரு முன்னாடி மானம் போவுது. வூட்ல நீ ஒருத்திதான் பொம்பள. உன்ன யாரு தொடைக்கச் சொன்னா? அறிவு இருக்குதா உனக்கு?"

போனில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா ஏதோ யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. காலியான ஷாம்புப் பாக்கெட்டை நான் எங்கே போட்டேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்துக் குப்பைக் கூடையில்.

"ஆமாங்க" என்றாள் அக்கா. "நான்தான் தொடச்சேன். தெரியாம பண்ணிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். மாமா கடைக்காரரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க. வூட்ல இருக்கறது அப்டி. சொன்னா புரியாது" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மிக்ஸி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்பா, அழுக்க தொடச்சது ஒரு குத்தமா? அந்தப் பொண்ண இத்தினி பேரு முன்னாடி திட்டறியே" என்றார். போனில் அக்கா மூக்கை உறிஞ்சுவது கடை முழுக்கக் கேட்டது.

என் அக்கா சின்ன வயதிலிருந்து எனக்காக வாங்கிய அடிகளைச் சொன்னால் அது தனிக் கதை. ஆனால் ஸ்பீக்கரில், இருபது பேருக்கு நடுவில், அவள் வாங்கியதை நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை.

"அக்கா தொடைக்கல மாமா" என்றேன். "நான்தான் அடிச்சேன். டிவி ஓடிக்கினு இருக்கும்போதே அடிச்சேன்."

 சுவரில் அத்தனை புலிகளும் நடந்துகொண்டிருந்தன. அந்த அமைதியில் மாமாவின் கையிலிருந்த போனிலிருந்து அக்காவின் குரல் தெளிவாக வந்தது.

"டேய்! நான்தான் இங்க சமாளிச்சுக்கினு இருக்கேன் இல்ல? வாய மூட்றா!"

கடை வெடித்துவிட்டது. மிக்ஸி அம்மா சிரித்த சிரிப்பில் மிக்ஸியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மூங்கில்துறைப்பட்டுக்காரர், "அப்ப பத்து வருஷம்னு சொன்னது?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். நானும் மாமாவும்.

மாமா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் போனை அணைத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்காரரிடம் போனார். அவ்வளவு பெரிய மனிதர் குனிந்து கைகூப்பி, மெதுவான குரலில், "ரொம்ப சத்தம் போட்டுட்டேங்க. தப்பு என் பக்கம்" என்றார். அந்தக் குரல் அவருக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. தரையில் போட்டிருந்த டைல்ஸை நான் அன்றைக்குப் பார்த்தது போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தெய்வானை அக்காதான் காப்பாற்றினார். "போர்டெல்லாம் நல்லா இருக்குதுங்க. பேனல்தான் போச்சு. ஒடஞ்ச டிவி ஒண்ணுல நல்ல பேனல் கெடைச்சா மாட்டித் தர்றேன். ரெண்டு வாரம் ஆவும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "துணில நனைச்சுத் தொடைக்கணும் தம்பி. டிவிய குளிப்பாட்டக் கூடாது."

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். கச்சிராயபாளையத்தில் டீ இல்லை. அணை வந்தது, ஏற்றம் தொடங்கியது, ஒவ்வொரு வளைவிலும் அவர் தோள் என்மேல் இடித்தது, அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பாதி மலை ஏறிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"மெய்யா எத்தினி அரியரு?"

"ஏழு மாமா."

தலையை ஆட்டிக்கொண்டார். இன்னும் நாலைந்து வளைவு போனது.

"உங்க அக்காகிட்ட போனவொடனே மன்னிப்பு கேக்கணும்" என்றார்.

"கேக்கறேன் மாமா."

"நீ இல்லடா. நானு."

கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போனார், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். முன்பக்கத்தில் புது டிவி பார்க்க ஒரு கூட்டம் காத்திருந்தது. மாமா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் போய், "எல்லாம் மச்சான் சொல்லுவாரு" என்றார்.

அதுதான் தண்டனை. அடுத்த இரண்டு வாரமும் மெஸ்ஸில் யார் நுழைந்து காலிச் சுவரைப் பார்த்து "டிவி எங்க?" என்று கேட்டாலும், மாமா பதில் சொல்ல மாட்டார். என்னைக் கைகாட்டுவார். நான் எழுந்து நின்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் நாள் நாக்கு குழறியது. நாலாவது நாள் தெய்வானை அக்கா விரலை மோந்தது போல மோந்து காட்டினேன். இரண்டாவது வாரம், ஏற்கனவே கேட்டவர்கள் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்கள். டிவி இருந்தபோது விற்றதைவிடப் பஜ்ஜி அதிகம் விற்றது. மாமா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அவர் முதுகு குலுங்குவதைப் பதினோராவது நாள்தான் பார்த்தேன்.

பேனல் மாற்றிய டிவி வந்தது. நான் ஊருக்குத் திரும்பிப் போய் ஏழு அரியரையும் எழுதினேன். இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு மென்பொருள் விற்கிறேன். எந்தப் பொருளையும் கையால் தொட வேண்டிய வேலை இல்லை. எல்லோருக்கும் நிம்மதி.

அந்த டிவி இன்னும் ஓடுகிறது. போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் யாழினி இரண்டாம் வகுப்பு. இதெல்லாம் நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. மெஸ் படியில் நான் காலை வைப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"அம்மா! மாமா வந்துட்டாரு! டிவி போர்வை எங்க?"

ஸ்டூலைப் போட்டு ஏறி, ஓடிக்கொண்டிருந்த டிவியைத் தலை முதல் கால் வரை மூடினாள். பிறகு இறங்கி, என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான், "உக்காருங்க மாமா, இன்னா சாப்டறீங்க?" என்று கேட்டாள்.